‘சீரியஸ்’ என்று சொல்லிவிட்டேன்

2003-ஆம் வருஷம். மதுரை பழங்காநத்தத்தில் ஒன்பது வருஷமாக எஸ்.டி.டி. பூத் நடத்தி வந்தேன். செல்போன் வந்ததும், என் கடையில் வரிசையில் நின்றவர்களெல்லாம் தெருவில் நடந்துகொண்டே பேச ஆரம்பித்தார்கள். நான் ஈ ஓட்டினேன். முப்பத்தாறு வயதில் இனி என்ன வேலைக்குப் போவது? நான் கேட்காத ஆள் இல்லை. ஒருவர் கம்ப்யூட்டர் படி என்றார், ஒருவர் பியூட்டி பார்லர் வை என்றார். என் வீட்டுக்காரரோ, “எதையாச்சும் செய், என்கிட்ட மட்டும் கேக்காத” என்றார். பாவம், மில் மூடி அவரே வேலை தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் வழி சொன்னது, ஊருக்குப் போன் பேச வரும் ஒரு நர்ஸ். ஒருநாள் அவர் பூத்தில் இருந்தபோது ஓர் ஆள் வந்தார். அம்மா இறந்துவிட்டார், வெளியூரில் இருக்கும் தங்கைக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு வாயே வரவில்லை. நானே ரிசீவரை வாங்கி, “அம்மாவுக்கு சீரியஸா இருக்கு, கெளம்பி வாங்க” என்றேன். எங்கள் பக்கத்தில் போனில் சாவைச் சொல்வது இப்படித்தான். பஸ்ஸில் தனியாக வருகிறவர் வழியிலேயே உடைந்துபோகக் கூடாதே. கேட்பவருக்கும் புரிந்துவிடும், ஆனாலும் புரியாத மாதிரியே வந்து சேருவார்.

“சேதி சொல்றதுல உங்களுக்கு எம்புட்டுப் பக்குவம்க்கா! எங்க ஆஸ்பத்திரில போன் பாக்க ஆள் தேடுறாங்க, வாங்க” என்றார் நர்ஸ். போனேன். ஒரு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வோம் என்றார் மேனேஜர். இதுவும் போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

பத்தாவது நாள். சோழவந்தானிலிருந்து நெஞ்சுவலியோடு வந்து ஐ.சி.யூ.வில் இருந்த ஒரு பெரியவருக்கு நிலைமை மோசமானது. துணைக்கு இருந்த மகள், குளித்துத் துணி மாற்றி வர அன்று காலைதான் ஊருக்குப் போயிருந்தார். “சீரியஸா இருக்கு, வீட்டுக்குச் சொல்லிருங்க” என்றார் டாக்டர். நான் நம்பரைப் போட்டேன். பூத்தில் பேசிப் பழகிய அதே தணிந்த குரலில், “அப்பாவுக்கு சீரியஸா இருக்கு, கெளம்பி வாங்க” என்றேன். போனை எடுத்தது மகள்தான். “ம்” என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இரண்டு மணி நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாரில் அடித்துக்கொண்டு பெண்கள் இறங்கினார்கள். பின்னாலேயே பெரிய ரோஜா மாலையோடு ஒருவர். மகள் ஓடிவந்து என் மேசையில் விழுந்தார். “எங்கப்பாவ எங்க வச்சிருக்கீக?”

“ஐ.சி.யூ.லதான இருக்காரு! இப்பத்தான் கண்ண முழிச்சுத் தண்ணி கேட்டாரு” என்றேன். சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் சொன்ன ‘சீரியஸ்’ வேறு, ஒன்பது வருஷமாக நான் சொல்லிவந்த ‘சீரியஸ்’ வேறு. மாலைக்காரர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்ப வேனுக்கே ஓடினார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அப்பாவைப் பார்த்துவிட்டு மகள் நேராக என்னிடம்தான் வந்தார். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“ஊர்ல இருந்து இம்புட்டுத் தூரமும் அப்பன் இல்லாதவளாத்தான் வந்தேன், தெரியுமா?” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “திருப்பூர்ல இருக்க எந்தங்கச்சிக்கு நானும் அந்த வார்த்தையத்தான் சொல்லிட்டு வாரேன்” என்றார். சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதார்.

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உசுரு இருந்தா மொத வார்த்தையா அதச் சொல்லுங்கக்கா. மத்ததெல்லாம் பொறகு சொல்லிக்கலாம்.” மேனேஜர் பக்கம் திரும்பி, “இவுகள அனுப்பிராதீக சார். புதுசா வாரவுகளும் இதத்தான் செய்வாக. இவுக இனிமே செய்ய மாட்டாக” என்றார். மேனேஜர் உள்ளே போய்விட்டார். மறுநாள் நான் வேலைக்குப் போனேன், யாரும் தடுக்கவில்லை.

அன்றைக்கே தன் தங்கைக்கு என்னையே போன் பேசச் சொன்னார் அந்த மகள். நல்லவேளை, இன்னும் பஸ் ஏறியிருக்கவில்லை. “அப்பா உசுரோட இருக்காரும்மா” என்றேன், வணக்கம்கூடச் சொல்லாமல். மறுமுனையில் எழுந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

என்ன வேலைக்குப் போகலாம் என்று எனக்குப் பலர் சொன்னார்கள். அந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னவர், என் தப்பால் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த அந்தப் பெண்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாகவும் இருக்கிறது, ஆறுதலாகவும் இருக்கிறது.