அணு இல்லாத இடத்தில் ஒரு குகை

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, நாற்பத்தோரு வரிகளைப் படித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் அம்மா உரித்துவைத்த பட்டாணிக் கிண்ணம். ஒரு புரதத்தின் மேற்பரப்பை வரைந்து மெல்லச் சுழற்றிக் காட்டுவதற்கான கட்டளைகளை அப்பா வாய்விட்டுப் படித்தார். மகள் திரையில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். அவளுக்கு மென்பொருள் சோதனை தொழில்.

"ஊரான் எழுதுனதையெல்லாம் குத்தம் சொல்லிச் சம்பளம் வாங்குறவதானே நீ. இதுல ஒண்ணு கண்டுபிடி பாப்போம்."

"கூலி?"

"பட்டாணி எடுத்துக்கோ."

"அத எண்ணி வெச்சிருக்கேன்" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

மகள் சிரித்துக்கொண்டே ஒரு வரியில் நின்றாள். "ஏழாவது வரில 'ஏ' இருக்கு. முப்பதாவது வரில 'பி' இருக்கு. ஏம்பா?"

கிண்ணத்தை நோக்கிப் போன அப்பாவின் கை பாதியிலேயே நின்றது.

அந்தக் கை இருபத்தொன்பது வருடம் என்ன செய்தது என்று சொன்னால்தான் அது ஏன் நின்றது என்பது புரியும். ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்சாதனம் பழுது பார்க்க வேலைக்குச் சேர்ந்தவர் அவர். படம் வரையும் கணினி வந்து இறங்கியபோது, உடைத்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று படித்தவர்கள் எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அந்த அறையின் குளிரைப் பார்க்கப் போனவர் தட்டிப் பார்த்தார். தட்டியவர் பிறகு அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கையில் தூரிகை பிடித்தறியாத மனிதருக்குப் பெயர் 'பெயிண்டர்' என்றாகிவிட்டது. சம்பளப் பிரிவில்கூட அந்தப் பெயரைச் சொன்னால்தான் தெரியும்.

மகளுக்குப் பதினைந்து வயதில் ஒரு மதியம் அங்கே அழைத்துப் போனார். திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு புரதத்தின் ஓர் அணு.

"இப்ப பாரு. தண்ணியோட ஒரே ஒரு மூலக்கூறு எவ்வளவு பெருசோ, அவ்வளவு பெரிய உருண்டைய இதுமேல உருட்டி விடப்போறேன். அது எங்கெல்லாம் தொடுதோ, அதுதான் இதோட தோலு."

ஒரு பொத்தான். புள்ளிகள் மறைந்தன. மேடும் பள்ளமும் முகடுமாக ஓர் உலகம் திரண்டு நின்றது. மின்னேற்றம் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் நீலமாகவும் படர்ந்திருந்தது. அது மெல்லத் திரும்பியபோது அவளுக்கு மூச்சு நின்று வந்தது.

"இத யாராச்சும் கண்ணால பாத்திருக்காங்களாப்பா?"

"எப்படிப் பாக்குறது? வெளிச்சத்தோட அலையே இதவிடப் பெருசு. வெளிச்சத்துக்கே எட்டாத உருவம்டி. ஆனா இந்த நிமிஷம் உன் ரத்தத்துல கோடிக் கோடியா ஓடிக்கிட்டிருக்கு."

அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். அவரும் பார்த்தார். எத்தனையோ வருடம் வரைந்த பிறகும் அந்த வியப்பு அவருக்குத் தீரவில்லை. கட்டளைகளுக்கு நடுவே கணினி படிக்காமல் தாண்டிப் போகும் வரிகளை அவர் தமிழில் எழுதுவார். "இங்கே மெதுவாகச் சுழற்று. பார்ப்பவர் மூச்சு விடட்டும்." "பள்ளத்துக்குள் வெளிச்சம் போதவில்லை. இரக்கப்படு."

வியப்பு எவ்வளவோ அவ்வளவு பயமும் இருந்தது. படிகத்தில் புரதத்தைப் பிடித்து எக்ஸ்ரே காட்டும்போது, ஆடிக்கொண்டே இருக்கும் பகுதி பதியாது. பழைய புகைப்படத்தில் ஓடுகிற ஆள் பதியாததைப் போல. எந்த அணு எங்கே என்று எழுதிவைக்கும் கோப்பில் அந்த இடத்து அணுக்களே இருக்காது. கணினிக்கு அது தெரியுமா? காலியான இடத்துக்குள்ளும் உருண்டையை உருட்டி, அழகான ஒரு குகையை வரைந்து கொடுத்துவிடும். அதனால் அப்பாவின் ஒவ்வொரு நிரலும் விடுபட்ட இடம் எது என்று தேடுவதில்தான் தொடங்கும். இருந்தால் அங்கே புள்ளிக்கோடு போடுவார். "தெரியாததத் தெரியாதுன்னு வரையணும்" என்பார்.

ஞாயிறு படித்த நிரல் பல மாதங்களுக்கு முன் அவர் எழுதியது. அந்தப் புரதத்துக்குப் படிகத்தில் இரண்டு பிரதிகள், ஏ, பி என்று. முதலில் ஏவை எடுத்துத் தேடினார். குறை ஒன்றும் இல்லை. வரையும்போது பி இன்னும் நன்றாகத் திரும்பி நின்றது என்று அதற்கு மாறினார். வரைகிற வரியில் எழுத்தை மாற்றினார். தேடுகிற வரியில் மாற்ற மறந்தார். அவ்வளவுதான்.

ஞாயிறு காலை அந்த எழுத்தை மாற்றி ஓட்டினார்கள். பியில் புரதச் சங்கிலியின் பதினோரு கண்ணிகள் இல்லை. அந்தக் காலியிடம்தான் படத்தில் குகையாக நின்றது. ஏவின் மேற்பரப்பை வரைந்தபோது அதே இடத்தில் குகை இல்லை. பதினோரு கண்ணிகளும் ஒரு பட்டையாக வளைந்து அங்கே நிறைந்து கிடந்தன.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிய பேராசிரியையின் குழுவில் ஓர் ஆராய்ச்சியாளர், கைக்குழந்தைக்காரி, அந்தக் குகைக்குள் பொருந்தும்படி ஒரு மருந்து மூலக்கூறை ஏழு மாதமாக வடிவமைத்துக்கொண்டிருந்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்றாள் அம்மா.

"சறுக்குனா யானைக்கு மட்டுமா அடி? கீழ நிக்குறவளுக்கும்தான்."

"இப்பவே ஃபோன் போட்டுச் சொல்லிடுங்கப்பா."

"ஃபோன்ல சொன்னா அது தகவல். தப்புப் பண்ணவன் மூஞ்சியக் காட்டணும். நாளைக்குக் காலைல மொத வேலையா அதான்."

திங்கட்கிழமை காலை முகம் மழித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு செருப்பை மாட்டினார். அடுத்ததை மாட்டவில்லை.

துக்கத்துக்குப் பேராசிரியை வந்திருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தொன்பது வருஷம்மா. பெயிண்டர் குடுத்த ஒரு படத்தக்கூட நாங்க திருப்பி அனுப்புனதில்ல." பின்னால் நின்ற ஆராய்ச்சியாளர், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அழுதார். மகள் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பத்து நாள் அவள் அந்தத் தப்பைச் சொல்லாமல் சுமந்தாள். தான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று ஒரு பக்கம். கேட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோமே என்று மறுபக்கம். கடைசியில் அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள்.

"கோப்புலயே கோளாறு இருந்துச்சுன்னு மெயில் அனுப்பிடலாம்மா. அவங்களும் வேலைய நிறுத்திடுவாங்க. அப்பா பேரும் கெடாது."

"கோப்புல கோளாறா?"

"இல்ல."

"அவரு இருந்தா அப்படி எழுதியிருப்பாரா?"

"மாட்டாரு."

"அப்புறம் எங்கிட்ட என்னத்துக்கு வந்த? நான் போய்ச் சொல்லலாம்னா எனக்கு அந்தப் பொட்டியத் தொறக்கவே தெரியாது." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கெட்டா கெடட்டும்டி. அவரு பேருதானே. அவரே கெடுத்துக்கத்தான் கிளம்புனாரு."

மறுநாள் மகள் விடுப்பு எடுத்தாள். நிலையத்தின் நீண்ட நடையில் ஆள் உயரத்துக்கு அந்தப் படம் மாட்டியிருந்தது. நீலத்திலிருந்து சிவப்புக்கு இறங்கும் சரிவில், பொன்னிறத்தில் குகை. தப்பு என்று தெரிந்தும் அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதன் விளிம்பில் ஒளி வழிந்த விதம் அப்படி. ஒரே ஓர் எழுத்து, கண்ணுக்கு எட்டாத உலகத்தில் ஒரு மலையையே குடைந்து வைத்திருக்கிறது. இல்லாததைக்கூட இவ்வளவு அன்பாக வரைய ஒரு மனிதரால் முடிந்திருக்கிறது.

பேராசிரியையின் அறை திறந்தே இருந்தது. ஆராய்ச்சியாளரும் உள்ளே இருந்தார். மேசை முழுக்கத் தாள்கள்.

"வாம்மா, உக்காரு. அப்பாவோட பொருளெல்லாம் எடுக்க வந்தியா?"

"இல்ல மேடம்." அவள் உட்காரவில்லை. மடிக்கணினியைத் தாள்களுக்கு நடுவில் வைத்துத் திறந்தாள். "அன்னிக்குத் திங்கக்கிழமை அப்பா உங்க ரெண்டு பேரையும் பாக்க வரதா இருந்தாரு. ஒரு விஷயம் சொல்லணும்னு."

"என்ன விஷயம்?"

"அந்தக் குகை அங்க இல்ல மேடம். அப்பா ஒரு வரில தப்பு பண்ணிட்டாரு. அதச் சொல்லத்தான் கிளம்புனாரு."