கத்திக்காரன் செய்த பெட்டி

கத்தி செய்கிறவன் கத்திதான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. சென்னைப் பயணத்துக்கென்று மகள் வாங்கி வந்த சின்னப் பெட்டியைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது அதனால்தான். என் சட்டைப்பையில் இருக்கும் சுவிஸ் மடக்குக் கத்தியின் சிலுவை முத்திரை அதிலும் இருந்தது. மனைவியின் கைக்கடிகாரத்திலும் அதே முத்திரை.

“அடுத்து குக்கர் செய்வாங்களா?” என்றேன்.

“ஏர்போர்ட்ல கத்தி கூடாதுன்னு ஆனதும் அவங்க வியாபாரம் படுத்துடுச்சுப்பா. வாட்ச்சும் பெட்டியும் ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்ததால சமாளிச்சாங்க. ஒருத்தரைக்கூட வேலையை விட்டு அனுப்பலையாம்” என்றாள் மகள்.

மெல்பர்னில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில், அச்சுகளும் கருவிகளும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்தவன் நான். அதை இழுத்து மூடிய அன்று, பக்கத்து மேசையில் வேலை செய்த கிரேக்க நண்பன் தன் சுவிஸ் கத்தியை என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான். பிறகு நான் ஒரு படிப்புப் படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வேலை பிடிக்காமல் இல்லை. ஆனாலும் நான் இரும்பு வேலைக்காரன் என்று சொல்ல என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் கத்தி ஒன்றுதான்.

விமான நிலையத்தில் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் நடப்பது எங்களுக்கும் நடந்தது. வீட்டில் எடை பார்த்துக் கட்டிய பிறகு மனைவி இன்னும் நாலு சாக்லேட் பொட்டலங்களைத் திணித்திருந்தாள். கவுண்டரில் எடை கூடிவிட்டது. தரையில் உட்கார்ந்து, பெரிய பெட்டியின் பிளாஸ்டிக் பட்டையைக் கத்தியால் அறுத்து, பொட்டலங்களைக் கையோடு கொண்டுபோகும் சின்னப் பெட்டிக்கு மாற்றினேன். கத்தியைப் பெரிய பெட்டியில் போட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பின்னால் வரிசை முணுமுணுத்த அவசரத்தில், பொட்டலங்களோடு கத்தியையும் சின்னதில் போட்டுவிட்டேன்.

சோதனையில் அகப்பட்டது. பெரிய பெட்டி அதற்குள் விமானச் சரக்கோடு போய்விட்டிருந்தது. அங்கிருந்த பெண் கத்தியைத் திருப்பிப் பார்த்து, நல்ல கத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தொட்டியில் போட்டாள். அவள்மேல் குற்றமில்லை.

“விடுங்க, வேற வாங்கிக்கலாம்” என்றாள் மனைவி.

“வாங்கலாம். குடுத்தவன் எங்க இருக்கான்னே தெரியலையே” என்றேன்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நேரம் இருந்தது. சின்னப் பெட்டியைக் காலருகே நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். கத்திக்காரன்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவனுக்கும் விமான நிலையத்தில்தான் கத்தி வியாபாரம் பறிபோயிருக்கிறது. ஆனாலும் அவன் தன் ஆட்களைக் கைவிடவில்லை. பெட்டியின் மூலைகளையும் பூட்டையும் தடவிப் பார்த்தேன். சுத்தமான வேலை. தொழிற்சாலையை மூடாமல் எங்கள் டூல் ரூம் ஆட்களிடம் சொல்லியிருந்தால் நாங்களும் இதைச் செய்திருப்போம்.