ஸக்கியாவின் சுண்ணாம்புத் தண்ணீர்

கற்பிட்டிப் பக்கம் கண் மஞ்சளித்தவர்கள் முதலில் போவது ஆஸ்பத்திரிக்கு அல்ல, ஸக்கியாவின் வீட்டுக்கு. உச்சமுனையிலிருந்து தோணி பிடித்தும் வருவார்கள். செங்கமாரிக்கு, அதாவது மஞ்சள் காமாலைக்கு, ஓதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது ஊர்க் கதை. நோயாளியின் கைகளில் மாம்பட்டைச் சாற்றைத் தேய்த்து, ஓதி, சுண்ணாம்புத் தண்ணீரால் கழுவுவாள். கோப்பையில் தண்ணீர் மஞ்சளாக இறங்கும்போது, நோய்தான் கழுவிப் போகிறது என்று வந்தவர்கள் நம்புவார்கள். நாளுக்கு நாள் சாற்றைக் குறைத்துக்கொண்டே போய், கடைசி நாளில் வெறும் சுண்ணாம்புத் தண்ணீரால் மட்டும் கழுவுவாள். தண்ணீர் தெளிவாக இருந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தம்.

சாறு இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி மஞ்சளாகும் என்று ஊரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸக்கியா ஏமாற்றுக்காரி அல்ல. தன் தண்ணீரை அவளே முழுதாக நம்பினாள், அதுதான் வினை. செங்கமாரி பெரும்பாலும் தானாகவே ஆறுகிற நோய். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாக, ஆறியதெல்லாம் அவள் பெயரில் சேர்ந்தது. ஆறாதவர்கள் திரும்பி வந்து சொல்லவில்லை.

மருமகன் ஹில்மிக்கு முந்தலில் இறால் பண்ணை வேலை. அவனுக்குக் கண் மஞ்சளித்தபோதும் ஸக்கியாதான் கழுவினாள். கடைசி நாள் தண்ணீர் தெளிவாக இருந்தது. அவன் மனைவி சிபானா, ஸக்கியாவின் ஒரே மகள், அப்போது கர்ப்பிணி. அவளைப் பார்க்க வந்த மிட்வைஃப் பிரான்சிஸ்கா விஷயத்தைக் கேட்டுத் திடுக்கிட்டாள். கண் தெளிந்தாலும் கிருமி உடம்பில் இருக்கலாம், புருஷனிடமிருந்து மனைவிக்கும் மனைவியிடமிருந்து பிள்ளைக்கும் போகலாம் என்றாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், சின்னச் சோதனைப் பட்டையில் விட்டால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும், இரண்டு பேரும் கிளினிக்குக்கு வாருங்கள் என்று கெஞ்சினாள்.

"தண்ணி தெளிஞ்சிட்டு மிஸ்ஸி. என்ட மருமகனுக்கு இப்ப ஒண்டுமில்ல," என்று ஸக்கியா முடித்துவிட்டாள். ஊருக்கே ஓதுகிறவளின் மருமகன் கிளினிக் வரிசையில் நின்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்ற வீம்பும் அதில் இருந்தது. ஹில்மி மாமியாரின் பேச்சைத் தட்டுகிறவன் அல்ல.

சிபானாதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மெதுவாகக் கேட்டாள். ஸக்கியா அவளைக் கதிரையில் உட்கார வைத்து, வெறும் சுண்ணாம்புத் தண்ணீரால் கைகளைக் கழுவிக் காட்டினாள். கோப்பையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. மகள் அதற்குமேல் கேட்கவில்லை. உம்மா சொன்னால் சரிதானே.

சில வாரங்களில் சிபானாவுக்குச் சோறு வெறுத்தது, கண்ணும் மஞ்சளித்தது. அப்போதும் ஸக்கியா மாம்பட்டைதான் இடித்தாள். மகளின் பேச்சுக் குழறி, ஹில்மியைப் பார்த்து யார் என்று கேட்டபிறகே வேன் பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அவள் விரலில் குத்தினார்கள். பட்டையில் இரண்டு கோடுகள் விழுந்தன. ஒன்று என்றால் இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது என்று தாதி விளங்கப்படுத்தினாள். பிறகு ஹில்மிக்கும் குத்தினார்கள். அவனுக்கும் இரண்டு. அந்தப் பட்டையை ஸக்கியா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையாலேயே கழுவித் தெளிந்துவிட்டது என்று சொன்ன உடம்பு அது.

வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுத்து, அதற்குக் கிருமி தொற்றாமல் உடனே ஊசிகள் போட்டார்கள். பிள்ளை தப்பியது. சிபானா கண் திறக்கவில்லை.

சிபானாவின் மையத்தை அடக்கிய பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு நிஸ்மியா, கண் மஞ்சளித்த தன் மகளோடு வந்து நின்றாள். ஸக்கியா நிஸ்மியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ட புள்ளய நான்தான் மவுத்தாக்கினேன், நிஸ்மியா. என்ட தண்ணில ஒண்டுமில்ல. இவள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

நிஸ்மியா அழுதுவிட்டாள். பெற்ற வயிறு, துக்கத்தில் என்னென்னவோ பேசுகிறது என்று ஸக்கியாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இத்தனை காலம் ஸக்கியா தெரியாமல் சொன்னதையெல்லாம் நம்பியவள், தெரிந்து சொன்ன இந்த ஒன்றை நம்பவில்லை. ஸக்கியா மாமியின் மனம் தேறட்டும் என்று சொல்லிவிட்டு, பாலாவியில் ஓதுகிற இன்னொருவரிடம் போக மகளோடு பஸ் ஏறினாள்.