கீழ்த்தளத்துக்கு இறங்கிய எஸ்தர்

அன்று காலை திருமுருகன்பூண்டியில் ஒரு சிற்பப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த கப்பல் வேலைக்குக் கம்பிப் பின்னலை இழுத்து உருக்கொடுக்க ஒரு கல் அச்சு வேண்டியிருந்தது. உளிச் சத்தத்தில் கைப்பேசி அடித்தது கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது எங்கள் மேற்பார்வையாளர் சிவகாமி பலமுறை அழைத்திருந்தார். திரும்ப அழைத்தேன்.

“அண்ணா, எஸ்தரக்கா போயிட்டாங்க.”

எங்கே போனார் என்று கேட்டேன். எஸ்தர் எப்போதும் ஏதாவதொரு துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தவர், அதனால் அந்தக் கேள்விதான் முதலில் வாயில் வந்தது. மறுமுனையில் சிவகாமி அழுதார். எங்கள் பட்டறைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

உங்களில் பலர் எஸ்தரைப் பனியன் கம்பெனிகளில் துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டராக இருந்த காலத்திலிருந்தே அறிவீர்கள். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. பெருமாநல்லூர்ச் சாலையில் மூடிக்கிடந்த ஒரு கம்பெனியை வாடகைக்குப் பிடித்து, உல்லாசக் கப்பல்களின் நடுக்கூடத்தில் பல தளங்களைத் தாண்டித் தொங்கும் பெரிய சிற்பங்களை அவரும் நானும் செய்தோம். வடிவம் அவருடையது. அதைத் தாங்கும் இரும்பும் அதற்கான கணக்கும் என் பொறுப்பு.

கப்பலில் எரியக்கூடிய எதையும் தொங்கவிட முடியாது. எஸ்தர் மெல்லிய எஃகுக் கம்பியை நூலாக்கி, பனியன் துணி பின்னும் அதே வட்ட மெஷினில் ஓட்டினார். முதல் மாதம் ஊசிகள் உடைந்துகொண்டே இருந்தன. மெஷின்காரர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டே போய்விட்டார். எஸ்தர் வேகத்தைக் குறைத்து, கம்பிக்கு எண்ணெய் காட்டி, தானே மெஷின் பக்கத்தில் நின்றார். ஒரு நாள் வெள்ளிநிறக் குழாய் ஒன்று மெஷினிலிருந்து கீழே வழிந்து வந்தது. “நம்மூரு பஞ்சு கப்பல் ஏறாதுங்கண்ணா. நம்மூரு மெஷின் ஏறும்” என்றார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அதற்கு முன்னால், முதல் கப்பல் வேலை தேடி வந்தபோது அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஏன் என்று நான் பலமுறை கேட்ட பிறகு தம்பியைப் பற்றிச் சொன்னார். தானியேல் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறை மூடியதும் ஏஜென்ட் மூலமாக உல்லாசக் கப்பலொன்றில் சலவை வேலைக்குப் போனான். ஒரு துறைமுகத்துக்கும் அடுத்த துறைமுகத்துக்கும் நடுவில் காணாமல் போனான். விழுந்தானா, குதித்தானா, யாராவது ஏதாவது செய்தார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து, “ஆளைக் காணோமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சடலம் கிடைக்காததால் அம்மா நம்பவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேவாலயத்தில் பயணத்தில் இருப்பவர்களுக்கான ஜெபத்தில் அவன் பெயரைச் சொல்ல வைத்தார். வருடக்கணக்கில் அந்தப் பெயர் பயணத்திலேயே இருந்தது.

இதைச் சொல்லி முடித்து எஸ்தர் எழுந்தார். பிறகு, “ஒத்துக்கலாமுங்கண்ணா. அவன் போன இடத்த நானும் ஒருக்கா பாத்துட்டு வந்தர்றேன்” என்றார்.

கப்பல் ஆடும்போது சிற்பமும் ஆடும். எவ்வளவு ஆடும் என்று பார்ப்பதற்காகப் பட்டறையில் ஓர் ஆட்டுமேடை கட்டினேன். குழாய்களை அதில் தொங்கவிட்டு மோட்டாரைப் போட்டபோது நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கம்பியும் கம்பியும் உரசி ஒரு சத்தம் எழுந்தது. உள்ளே இழுத்து, நின்று, வெளியே விடுகிற சத்தம். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். ஒடிசாவிலிருந்து வந்து வெல்டிங் செய்த பிகாஷ் இரண்டடி பின்னால் போய், எஸ்தரைத் தன் வழக்கப்படி அக்கா என்று அழைத்து, “தீதி, யாரோ தூங்குது மாதிரி” என்றான்.

எஸ்தர் மோட்டாரை நிறுத்தவிடவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மட்டும், “அவனுக்குச் சின்னதுல மூச்சிரைப்பு இருந்துச்சுங்க. பக்கத்துல படுத்துட்டு நான் இதத்தான் கேட்டுட்டுக் கெடப்பேன்” என்றார்.

கப்பல் தரப்பிலிருந்து வந்த அதிகாரிக்கு வடிவம் மிகவும் பிடித்திருந்தது. சத்தம் பிடிக்கவில்லை. பயணிகள் பயந்துவிடுவார்கள், அதை நிறுத்தாவிட்டால் வேலையே இல்லை என்று சொல்லிவிட்டார். எஸ்தர் மறுக்கவில்லை. உரசும் இடங்களிலெல்லாம் தீப்பிடிக்காத கண்ணாடி நூலைச் சுற்றிக் கட்டத் தொடங்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு இடமாக அடங்கி, கடைசியில் ஆட்டுமேடை முழு வேகத்தில் ஆடியும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். “இப்ப நிம்மதிங்களா அம்மிணி?” என்று கேட்டேன். “இல்லீங்க” என்றார்.

வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் அதைக் கப்பலில் ஏற்றித் தொங்கவிட்டோம். புதுக் கப்பலைக் கடலுக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கும்போது, ஆட்டத்தைப் பார்ப்பதற்காக நாங்களும் உடன் போனோம். ஆழ்கடலில் அலை பெரிதானது. நடுக்கூடத்தில் வெள்ளிக் குழாய்கள் நான் கணக்குப் போட்டபடியே மெல்ல அசைந்து, நின்று, திரும்பின. எந்தச் சத்தமும் இல்லை. அதிகாரிகள் எங்கள் கையைக் குலுக்கினார்கள். எஸ்தர் என் பக்கம் திரும்பி, “துணி தொவைக்கிற எடம் எங்கிருக்கும்ங்கண்ணா?” என்று கேட்டார்.

கீழே இறங்கினோம். படிகள் முடியவே இல்லை. கம்பளமும் பித்தளையும் மேலேயே நின்றுவிட்டன. வெறும் இரும்பு நடைபாதை, வெக்கை, சோப்பு வாடை. எஸ்தர் அந்த வாடையை உள்ளே இழுத்தார். சாயப்பட்டறையிலிருந்து திரும்பும் தம்பியின் சட்டையில் இருந்தது இதே மாதிரி ஒரு வாடைதான் என்று பிறகு சொன்னார். சலவை இயந்திரங்களை ஓட்டிப்பார்க்கச் சில ஊழியர்கள் ஏறியிருந்தார்கள். அவர்களில் சேவியர் என்ற தூத்துக்குடிக்காரர் தமிழைக் கேட்டதும் ஓடி வந்தார். அங்கே ஜன்னலே இல்லை. இத்தனை வருடமும் தம்பி கடலைப் பார்த்தபடி வேலை செய்ததாகத்தான் எஸ்தர் நினைத்திருந்தார்.

“கடலைப் பாக்கணும்னா எங்க போவீங்க தம்பி?” என்று சேவியரிடம் கேட்டார்.

“பின்னாடி ஒரு எடம் இருக்குக்கா. மூச்சு முட்டுச்சுன்னா அங்கன போய் நிப்போம். இல்லன்னா கடல்லதான் இருக்கோம்ங்கதே மறந்து போவும்.”

அவரே கூட்டிப்போனார். கப்பலின் பின்புறம், பயணிகள் வராத ஒரு சின்னத் திறந்த தளம். இடுப்பளவுக் கம்பிவேலி. கீழே தண்ணீர் வெள்ளையாக நுரைத்துப் பின்னால் விரிந்தது. இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. எஸ்தர் என் காதருகே வந்து கேட்டார்.

“இங்கிருந்து ஒருத்தன் கூப்பிட்டா மேல கேக்குமாங்கண்ணா?”

நான் பொய் சொல்லியிருக்கலாம். “கேக்காதுங்க” என்றேன்.

அவர் தலையசைத்தார். “இது அவன் கப்பல் இல்லீங்க. ஆனா எல்லாக் கப்பல்லயும் இப்பிடி ஒரு எடம் இருக்கும்.” பிறகு தண்ணீரைப் பார்த்துத் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வாய் அசைந்ததை வைத்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் போதகரிடம் போய், தம்பியின் பெயரைப் பயணிகளுக்கான ஜெபத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார். மறைந்தவர்களை நினைக்கும் ஆராதனையில் அதைச் சேர்க்கச் சொன்னார். அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அம்மா அடுத்த அறைக்குப் போய்விடுவார். “நாந்தான் அவனக் கொன்னுட்டேன்னு நெனைக்கறாங்க” என்று எஸ்தர் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அடக்கத்தின்போது அந்த அம்மா குழியருகே நின்றார். அழவில்லை. மண் போட்டு முடித்ததும் என்னைக் கைகாட்டி அழைத்தார். “இவளுக்காச்சும் மண்ணு கெடச்சுது சாமி” என்றார். பிறகு, “கல்லு வெக்கறப்ப அவன் பேரையும் போட்டுருங்க. பக்கத்துலயே போடுங்க. ரண்டு பேரும் ஒண்ணாத்தான் படுத்துத் தூங்குவாங்க” என்றார். எஸ்தர் கேட்கக் காத்திருந்த வார்த்தையை நான்தான் நின்று கேட்டேன். இதை எழுதும்போதும் அது எனக்குத் தாங்கவில்லை.

எஸ்தர் போன பிறகு பட்டறையில் பேச்சுக் குறைந்துவிட்டது. பாதியில் நிற்கும் சிற்பத்தை யாரும் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் அது அசையும்போது சிவகாமி வேறு பக்கம் பார்க்கிறார். கண்ணாடி நூல் இன்னும் கட்டாத சிற்பம் அது. நான் காதைப் பொத்திக்கொள்வதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரு பழக்கத்தை. அந்தக் கப்பலுக்குப் பிறகு எந்தக் கப்பலில் வேலை முடிந்தாலும், மேலே விருந்து நடக்கும்போது அவர் சலவைத் தளத்துக்கு இறங்கிப் போவார். அங்கே இருக்கும் ஒவ்வொருவரிடமும் பெயரையும் ஊரையும் கேட்பார். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “ஊட்டுல யாராச்சும் தேடி வந்தா, இன்ன எடத்துல பாத்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்லீங்களா” என்றார்.

எஸ்தர் முன்பே முடித்துவைத்த இன்னொரு சிற்பத்தைக் கப்பலில் தொங்கவிட அடுத்த மாதம் நான் தனியாகப் போகிறேன். எஸ்தர் கேட்டால் சலவைத் தளத்தில் இருப்பவர்கள் பெயரையும் ஊரையும் உடனே சொல்லிவிடுவார்கள். நான் கேட்டால் ஏன் என்று முறைத்துப் பார்க்கக்கூடும். ஆனாலும் இறங்கிப் போய்க் கேட்பேன்.