தாராவியிலிருந்து செம்பூருக்கு: ஒரு வாய்ஸ் மெசேஜின் வழக்கு

திருநெல்வேலியில் ஏறிய ரயில் காலை ஏழேகாலுக்கு என்னைத் தாதரில் இறக்கிவிட்டது. மறுநாள் ஒரு வளைகுடா நாட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு விமானம். இடையில் கிடைத்த ஒரு நாளைப் பள்ளித் தோழன் ஜெபராஜுக்காக வைத்திருந்தேன். அதே நாட்டில் நான்கு வருடம் லாரி ஓட்டியவன். பேசிய பேச்சுக்காகச் சிறைக்குப் போய், நாடு கடத்தப்பட்டு, தாராவிக்குத் திரும்பியவன். வெளியூர்க்காரனின் வாயை ஒரு நாடு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல்.

தாதரிலிருந்து மாட்டுங்கா அடுத்த நிலையம்தான். லோக்கலில் ஐந்து ரூபாய். பூக்கடைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் காபியும் முடித்துவிட்டு, தாராவிக்கு அரை மணி நேரம் நடந்தேன்.

ஒன்பது மணிக்கு ஜெபராஜின் வீட்டு மாடிப்படி ஏறினேன். "ஏல, மெலிஞ்சிட்டியே!" என்று கட்டிக்கொண்டான். அவன் மனைவி ஸ்டெல்லா டீ கொடுத்தாள். நான் கேட்பதற்கு முன்பே அவன் ஆரம்பித்துவிட்டான்.

அவனுடைய கம்பெனியில் விஸ்வநாதன் என்ற செம்பூர்க்காரர் ஸ்டோர் கிளார்க். இருவருக்கும் ஒரே அறை. விஸ்வநாதனுக்குத் திக்கும். ஒருநாள் சரக்குச் சீட்டு தாமதமான கோபத்தில், அவர் பேசுவதுபோலவே திக்கித் திக்கிப் பேசி, கடைசியில் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்து, கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினான் ஜெபராஜ். எல்லோரும் சிரித்தார்கள். நான்காம் நாள் போலீஸ் வந்தது; விஸ்வநாதன் புகார் கொடுத்திருந்தார், அங்கே வாட்ஸ்அப்பில் ஒருவரை இழிவுபடுத்துவதே குற்றம். முப்பத்திரண்டு நாள் சிறை.

"தமிழன் தமிழன்கிட்ட தமிழ்ல பேசுனது. அந்த நாட்டுக்கு இதுல என்னல வந்துச்சு?" என்றான்.

ஸ்டெல்லா குறுக்கிட்டாள். "அண்ணே, இவிய அந்த விஸ்வநாதன் மேல மட்டும்தான் கோவப்படுதாவ. இவிய பேசுனத எனக்கு இன்னும் போட்டுக் காட்டல."

விஸ்வநாதன் விடுமுறையில் செம்பூர் வீட்டுக்கு வந்திருப்பது ஜெபராஜுக்குத் தெரியும். தனியாகப் போக மனம் வரவில்லை. "நீ கூட வா. ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலைன்னு மட்டும் கேட்டுட்டு வந்துருவோம்."

பதினொன்றரைக்கு டாக்சி பிடித்தோம். செம்பூருக்கு ஏழு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். வழியில் ஜெபராஜ் ஓட்டுநரிடம் இந்தியில் கதையைச் சொன்னான். அவர் சிரித்தார்: "அந்தச் சட்டம் இங்கே வந்தால் மும்பையில் பாதிப்பேர் உள்ளேதான்."

கதவைத் திறந்த விஸ்வநாதன் ஜெபராஜைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு, "உள்ள வாங்கோ" என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்த ஜெபராஜ் கேட்டான்: "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொ... சொன்னேனே. மூணு தடவை. இப்படிப் பண்ணாதேன்னு. ஒவ்வொரு தடவையும் நீ அ... அதையும் நடிச்சுக் காட்டினே."

ஜெபராஜ் தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இங்க ஸ்கூல்லேருந்து ஆபீஸ் வரைக்கும் எல்லாரும் இப்படிப் பண்ணியிருக்கா. யார்கிட்டப் போய்ச் சொல்வேன்? அங்கதான் முதல் தடவையா ஒரு ஆபீசர் நான் பேசி மு... முடிக்கற வரைக்கும் காத்துண்டிருந்தார். உன்னைக் கூப்பிட்டு மிரட்டுவான்னு நெனைச்சேன். ஜெயில்னு நெனைக்கலை. புகாரை வாபஸ் வாங்கப் போனேன். மு... முடியாதுன்னுட்டா."

"நீயா? வாபஸ் வாங்கவா?"

"ரெண்டு தடவை."

ஜெபராஜ் எழுந்து நின்று, "தப்பு எம்மேலதான்" என்றான். விஸ்வநாதன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாசல் வரை வந்து, லிஃப்ட் வரும்வரை எங்களோடு நின்றார்.

மறுநாள் விமான நிலையத்தில் யோசித்தேன். போகிற நாட்டின் சட்டத்துக்குப் பயணி கட்டுப்படத்தான் வேண்டும். ஆனால் புகார் கொடுத்தவரே போதும் என்ற பிறகும் நிற்காத சட்டத்தை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே சட்டம்தான் ஒரு மனிதரை முழுதாகப் பேசவிட்டது என்பதையும் மறுக்க முடியவில்லை.

ஊரில் எங்கள் அலுவலகத்தில் கணேசன் என்று ஒருவர். ஒரு கால் சரியாக ஊன்றாது. எல்லோரும் அவரை 'நொண்டி கணேசன்' என்போம். பதினேழு வருடமாக நானும். என்மேல் எந்த வழக்கும் வராது. கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்ப்பார். அதைச் சம்மதம் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.