புளோ ரூமிலிருந்து வராத செய்தி

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் என் அக்கா சூப்பர்வைசர். அதே ஆலைக்கு நான் திண்டுக்கல்லில் வீட்டு மாடியில் உட்கார்ந்து மென்பொருள் வேலை செய்துகொடுத்தேன். இயந்திரங்களில் பொருத்திய சென்சார்கள் சூட்டை இடைவிடாமல் செய்தியாக அனுப்பும். அவற்றை வரிசை குலையாமல் ஆலையின் கண்காணிப்புத் திரைக்குக் கடத்த மூன்று சர்வர்களை நிறுவ வேண்டும். மூன்றும் கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளில், கன்டெய்னர் எனும் மென்பொருள் பொட்டலங்களாக ஓடும். ஒன்று விழுந்தால், அவற்றை மேய்க்கும் தளமே அதை வேறொரு கணினியில் எழுப்பிவிடும்.

சித்திரை வெயிலில் ஒரு முற்பகல் நிறுவி முடித்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோ ரூமின் சூடு மட்டும் ஒரே எண்ணில் நின்றது. அங்கே சூடு அப்படி அசையாமல் நிற்காது.

தோண்டிப் பார்த்தேன். ஒரு சர்வர் விழுந்து, வேறிடத்தில் எழ முயன்றிருக்கிறது. செய்திகளைச் சேமிக்கும் அதன் டிஸ்க் பழைய கணினியைவிட்டுக் கழலாததால் எழ முடியவில்லை. புளோ ரூம் செய்திகள் அதன் பொறுப்பு. மற்ற இரண்டும் அதிலிருந்த செய்திகளை இன்னும் நகலெடுத்து முடிக்காததால் அதன் இடத்துக்கு வர முடியவில்லை. திரை காட்டியது எப்போதோ வந்த கடைசி எண்ணை.

வீட்டிலிருந்தே கட்டளை கொடுத்து டிஸ்க்கை நானே கழற்றிப் புதிய கணினியில் மாட்டினேன். ஆலையில் தேங்கிக் கிடந்த செய்திகள் திமுதிமுவென்று இறங்கின. ஒவ்வொன்றிலும் சூடு ஏறிக்கொண்டே போனது. எல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்தவை.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, புளோ ரூம்ல யாரு இருக்கா?"

"நம்ம புள்ளைகதான். ஏன்டா?"

"மிஷின நிப்பாட்டு. எல்லாரையும் வெளிய வரச் சொல்லு."

"ஸ்கிரீன்ல சரியாத்தானடா இருந்துச்சு?"

"அது பழசுக்கா. போ!"

அவள் போனை வைக்காமலே ஓடினாள். இரைச்சலுக்கு நடுவில் யாரோ இருமினார்கள். "ஏ, பஞ்சுக்குள்ள பொகையுது!" என்று அக்காவின் குரல். லைன் அறுந்தது.

திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே பேசினாள். குரல் கட்டியிருந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டோம்டா. ஒருத்தி பொகைய நெறையக் குடிச்சிட்டா. ஆஸ்பத்திரில இருக்கா."

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள், வேலைக்குத் திரும்பவில்லை. செய்தி நின்றாலே மணியடிக்கும்படி நான் மாற்றியமைத்தேன். கரி படிந்த சுவருக்கு வெள்ளையடித்து மறுபடி இயந்திரத்தை ஓட்டினார்கள். அடுத்த யூனிட்டையும் இதில் சேர்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது.

அக்கா போனில் கேட்டாள்: "அந்த மணி எதுலடா ஓடுது?"

"தனியா இன்னொரு சர்வர்லக்கா."

"அது விழுந்துச்சுன்னா?"

அங்கே ஷிப்ட் சங்கு ஊதியது. "சரி, உள்ள போறேன்" என்று வைத்துவிட்டாள்.