உள்ளே ஆள் இருக்கு

தெருவில் அவளை 'ஆஃப் அக்கா' என்றுதான் சொல்வார்கள். சட்டை தைக்கும் கம்பெனியில் இஸ்திரி போடுவது அவள் வேலை. பகலெல்லாம் சூட்டில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், செருப்பைக் கழற்றும் முன்பே கண் சுவிட்சுகளைத் தேடும். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியவோ ஃபேன் ஓடவோ கூடாது. வீட்டுத் துணிகளை வாரத்துக்கு ஒரே தடவைதான் தேய்ப்பாள். கடைசியில் வரும் கைக்குட்டைகளைப் பெட்டியை அணைத்துவிட்டு மிச்சச் சூட்டிலேயே முடிப்பாள். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிக்கும் மகளின் முதுகில் ஒன்று விழும்.

"முதல்ல யோசி. அப்புறம் கதவைத் திற."

வாய்த்த கணவரோ, கல்யாண வீடுகளுக்கு லைட் செட் போடுகிறவர். "ஊரையே ஜொலிக்க வைக்கிறேன். என் வீட்டுல நான் சுவரைத் தடவிக்கிட்டு நடக்கிறேன்" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்புக்கு யார் கண் பட்டதோ! ஒரு பந்தலில் ஏணி சரிந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. படுத்தே கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும் என்று மருத்துவர் காற்று மெத்தை வாங்கச் சொன்னார். அதன் கால்மாட்டில் ஒரு சின்ன மோட்டார்; அதற்குச் சுவிட்ச் கதவோரம். மெத்தையின் ஒரு பகுதியில் காற்றை ஏற்றி, மறு பகுதியில் இறக்கி, இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். அது நின்றால் மெத்தை சப்பிவிடும். அவர் முதுகு வெறும் பலகையில்தான்.

வெந்நீர் ஹீட்டர் பரணுக்குப் போனது. தையல் வேலை இருந்தால் ஜன்னலோரம், வெயில் இருக்கும்போதே. பில் கட்ட முடியாமல் இணைப்பைப் பிடுங்கிவிட்டால் அந்த மோட்டார் நின்றுபோகுமே! அந்த ஒரு பயம்தான் அவளுக்கு. அது ஓட வேண்டும் என்பதற்காக மற்ற எல்லாவற்றையும் அணைத்தாள்.

ஆனால் பழகிய கை சும்மா இருக்குமா? அவருடைய அறையைத் தாண்டும்போது கதவோரச் சுவிட்சுக்குத் தானாகப் போகும். உடனே கட்டிலிலிருந்து குரல் வரும்.

"ஏய், உள்ளே ஆள் இருக்கு!"

"கட்டை மாதிரி கிடந்தா எனக்கு எப்படித் தெரியும்? ஏதாவது சத்தம் குடுக்கணும்."

"அதான் குடுத்துட்டேனே!"

இந்தச் சண்டைக்காகவே சில நாள் அவள் வேண்டுமென்று கையை நீட்டியதுண்டு.

பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள், வழியிலேயே உயிர் போய்விட்டது.

வீடு நிறையச் சனம். எல்லா அறையிலும் வெளிச்சம். அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது. யார் கையைப் பிடித்தாலும் தலையாட்டினாள். அவரை எடுத்துக்கொண்டு போனபோதும் அப்படியேதான் நின்றாள். பிறகு உள்ளே போய் யாரும் இல்லாத சமையலறை விளக்கை அணைத்தாள். திரும்பி வந்து, ஆட்கள் உட்கார்ந்திருந்த கூடத்து ஃபேனையும் அணைத்தாள்.

"நல்லாருக்கு!" என்றாள் நாத்தனார், முந்தானையால் விசிறிக்கொண்டே. "எங்கண்ணன் போன அன்னைக்குக் கூடக் கரண்ட் மிச்சம் பிடிக்கிறா. கண்ணீரையும் மிச்சம் பிடிக்கிறா போல."

"அத்தை, சும்மா இருங்க" என்று ஃபேனைப் போட்டாள் மகள். அம்மா அழவில்லையே என்று அவளுக்கும் பயம்தான். அம்மாவின் தோளைப் பிடித்தாள். "அழுதுடும்மா. மனசுக்குள்ளயே வெச்சுக்காதே."

"எனக்கு ஒண்ணும் இல்லடி. நீ ஏதாவது சாப்பிட்டியா?"

சனம் கலைந்தது. அவள் வழக்கம்போல வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். கூடம், சமையலறை, குளியலறை. கடைசியாக அவருடைய அறை. ஆம்புலன்ஸ் அவசரத்தில் யாரும் நிறுத்தாமல் போன மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. காலி மெத்தை ஏறி இறங்கியது.

கை தானாகப் போயிற்று. சுவிட்சைத் தட்டிவிட்டது.

அவள் நகரவில்லை. விரலை எடுக்காமல், கட்டிலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

மெத்தை மெல்லச் சப்பியது.

"அம்மா," கூடத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். "சத்தம் நின்னுடுச்சே. மோட்டார் ரிப்பேராயிடுச்சா?"

"இல்லடி. நான்தான் நிறுத்தினேன். உள்ளே ஆள் இல்லை."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.